புண்பட்ட மனசும் எரிந்த கடையும்

கொத்து ரொட்டிக்குள் ஒரு மாவுக்கட்டி. விஷயம் அவ்வளவுதான். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவர்கள் அந்தக் கட்டியைக் கிள்ளி எடுத்துக் காட்டி, இது மலட்டு மாத்திரை, சிங்களவருக்குப் பிள்ளை பிறக்கக் கூடாதென்று கலந்திருக்கிறாய் என்று பிடித்துக்கொண்டார்கள். காசு மேசையில் நின்றவருக்குச் சிங்களம் சரிவராது. ஆட்கள் சூழ்ந்து நின்று அதட்டிக் கேட்கக் கேட்க, பயத்தில் எதையோ ஒத்துக்கொண்டார். அதைப் படம் பிடித்து முகநூலில் ஏற்றினார்கள். அன்றிரவே கடை நொறுங்கியது. நகரத்துப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன.

உணவில் கலந்து கொடுத்து ஒரு மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்கும் இல்லை என்று வைத்தியர்கள் தலையிலடித்துக்கொண்டு சொன்னார்கள். அரச பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்து, மாவுதான் என்று அறிக்கை கொடுத்தார். அதற்குள் கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் பற்றிக்கொண்டிருந்தது. அரசாங்கம் மார்ச் முதல் வாரத்தில் முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவுக்கு மூடிவைத்தது. முஸ்லிம்களைப் பூண்டோடு அழிக்கச் சொன்ன சிங்களப் பதிவுகளைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு, எங்கள் விதிகளை அது மீறவில்லை என்றே முகநூலில் இருந்து பதில் வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்க 2020 மே மாதம் ஆனது.

நற்பிட்டிமுனையில் இருந்து அம்பாறை ஒன்றும் தூரமில்லை. காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறையையும் வயல்வெளியையும் தாண்டினால் வந்துவிடும். கச்சேரிக்கு ஏதாவது அலுவல் என்றால் அங்கேதான் போக வேண்டும். அந்த மாதம் எங்கள் வாப்பா காணிப் பத்திரம் ஒன்றுக்காகப் போக இருந்தவர், "கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிக் கோவையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார்.

ஆகவே, பேச்சுக்கு எல்லை வேண்டுமா என்று கேட்டால் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. வேண்டும். 1859 இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு தானிய வியாபாரி வருகிறார். தானிய வியாபாரிகள்தான் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். அதையே ஒரு தானிய வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் நின்று சொன்னால் தண்டிக்கலாம் என்பது மில்லின் கணக்கு. அம்பாறைக் கொத்துக் கடைக்கு அப்படியே பொருந்துகிறது, ஒரேயொரு வித்தியாசத்தோடு. மில்லின் காலத்தில் பத்திரிகை வேறு, வீட்டு வாசல் வேறு. இப்போது ஃபோனில் ஏற்றிய படம் பத்திரிகையாகவும் இருக்கிறது, வாசலில் நிற்கிற கூட்டமாகவும் இருக்கிறது.

என் தடுமாற்றமெல்லாம், அந்த எல்லையை எதை வைத்து அளப்பது என்பதில்தான்.

நம் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. 15 ஆம் உறுப்புரை, இன மத இணக்கத்துக்காக அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. அந்தக் கட்டுப்பாடுகளில் ஆகப் பெரிய ஆயுதம் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நாட்டுக்குள் கொண்டுவருவதாகச் சொல்லி இயற்றியது. எல்லாரும் ஐசிசிபிஆர் சட்டம் என்றுதான் சொல்கிறோம். அதன் 3 ஆம் பிரிவு, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் விதமாக இன மத வெறுப்பைப் பரப்பக் கூடாது என்கிறது. வாசிக்க நல்ல பிரிவு. நம்மைப் போன்ற சிறுபான்மைக்காகவே எழுதியது போலிருக்கும். பத்து வருடம் வரை சிறை. மேல் நீதிமன்றம் மட்டும்தான் பிணை கொடுக்கலாம், அதுவும் விசேட காரணம் இருந்தால்.

இந்தச் சட்டம் யாரைப் பிடித்தது என்று பாருங்கள்.

ரம்ஸி ராஸிக் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். முகநூலில் சிங்களத்தில் எழுதுவார். இனவாதத்துக்கு எதிராகவும் எழுதுவார், முஸ்லிம் சமூகத்துக்குள் இருக்கிற கடும்போக்குக்கு எதிராகவும் எழுதுவார். 2020 ஏப்ரல் 2 ஆம் திகதி, கொரோனாவை முஸ்லிம்களின் தலையில் கட்டிவிட நாடே பாடுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இந்த வெறுப்புக்கு எதிராகப் பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாக எடுத்துக்கொண்டு ஒரு சிந்தனை ஜிஹாத் செய்ய வேண்டும் என்று எழுதினார். ஜிஹாத் என்ற ஒற்றைச் சொல் போதுமாக இருந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. ஏப்ரல் 9 ஆம் திகதி, தன் உயிருக்கு ஆபத்து என்று பொலிசுக்கு முறைப்பாடு அனுப்பினார். அன்றைக்கே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வந்து கைது செய்தது, மிரட்டியவர்களை அல்ல, அவரை. நோயாளி மனிதர். செப்டெம்பர் 17 ஆம் திகதி பிணை கிடைக்கும் வரை ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து அரசு பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. எழுதியதற்கும் தீர்ப்புக்கும் இடையில் மூன்றரை வருடம். அந்த இடைவெளியில் அவரைப் பார்த்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதற்கு எந்த மன்றத்திலும் நட்டஈடு இல்லை.

2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்த சட்டையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சடித்திருந்தது. தர்மச் சக்கரம் என்று சொல்லிப் பொலிஸ் பிடித்து, இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் வைத்தது. பேச்சுமில்லை எழுத்துமில்லை, துணி. முஸ்லிம் என்பதால்தான் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். அதே ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி ஷக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை இதே சட்டத்தில் பிடித்தார்கள். விகாரை வாழ்க்கையைத் தொட்டு ஒரு சிறுகதையை முகநூலில் போட்டிருந்தார்; பிக்குமார் புண்பட்டார்கள். நான்கு மாதம் உள்ளே.

மன்னார் இளைஞர் அஹ்னாப் ஜஸீமின் கதை இன்னும் கொடியது, அது பயங்கரவாதத் தடைச் சட்டம். புத்தளம் மதுரங்குளியில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த வாத்தியார். ‘நவரசம்’ என்று ஒரு கவிதைத் தொகுதி போட்டார், 2017 இல். அதில் தீவிரவாதம் இருக்கிறதாம். 2020 மே 16 ஆம் திகதி கைது. 2021 டிசெம்பரில்தான் பிணை. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தப் பையன் உள்ளே இருந்த அதே 2021 இல், ஒக்டோபர் மாதம், ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைவராக அன்றைய ஜனாதிபதி கோட்டாபய நியமித்த ஆள் யாரென்று ஞாபகம் இருக்கும். முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சுக்குப் பேர்போன பிக்கு, கலகொட அத்தே ஞானசார தேரர். இந்த இரண்டு செய்தியையும் ஒரே வருடத்துப் பத்திரிகைகளில் வாசித்த நாடு இது.

ஏன் இப்படிப் போகிறது? பொலிசில் இனவாதம் என்று ஒரு வரியில் முடிக்கலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது ‘தூண்டுதல்’. பொலிஸ் நிலையத்தில் எழுதப்படுவது ‘மனம் புண்பட்டது’. தூண்டுதலை நிரூபிக்க மெனக்கெட வேண்டும்: யார் பேசினார், என்ன நேரம், கேட்டவர்கள் யார், கேட்டுவிட்டுக் கையை ஓங்கக் கூடிய நிலையில் இருந்தார்களா. ஐக்கிய நாடுகள் சபையின் 2012 ரபாத் செயற்றிட்டம் சொல்வதும் ஏறக்குறைய இந்தக் கேள்விகளைத்தான். புண்பட்டதற்கு இவை ஒன்றும் தேவையில்லை. பத்துப் பேர் நிலைய வாசலில் வந்து நின்று கத்தினால் போதும். ஆயிரம் பேர் வந்தால் இன்னும் ஆழமான புண். கூட்டம் யாரிடம் அதிகமோ, அவர்களுடைய மனசுதான் சட்டத்துக்குக் கேட்கும்.

2023 இல் நகைச்சுவைக் கலைஞர் நத்தாஷா எதிரிசூரியவை, மேடையில் பேசிய ஒரு பேச்சுக்காக விமான நிலையத்தில் வைத்துப் பிடித்ததும் இப்படித்தான். ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகுதான், இந்தப் பேச்சில் வன்முறைத் தூண்டுதல் எங்கே இருக்கிறது என்று மேல் நீதிமன்றம் கேட்டுப் பிணை கொடுத்தது. 2024 மே மாதம் சம்பூரில், போரின் முடிவில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகத் தமிழ்ப் பெண்களை இரவில் வந்து பிடித்தார்கள். அதற்கும் ஐசிசிபிஆர். அரிசியும் தண்ணீரும் உப்பும் யாரை யாருக்கு எதிராகத் தூண்டியது?

இது வரைக்கும் வாசித்த நம்மட ஆட்கள் தலையாட்டியிருப்பார்கள். இனி எழுதப் போவதற்கு ஆட்டுவார்களா தெரியாது.

நம் கரையோரத்தை வடக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். பெரியநீலாவணை தமிழர், மருதமுனை முஸ்லிம்கள், பாண்டிருப்பு தமிழர், கல்முனை இருவரும், கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம்கள், காரைதீவு தமிழர், நிந்தவூர் மறுபடியும் முஸ்லிம்கள். உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் நற்பிட்டிமுனைக்குள்ளேயே தமிழரும் முஸ்லிம்களும் இருக்கிறோம். சைக்கிளில் போகிறவன் பெரும்பான்மையாகப் புறப்பட்டுச் சிறுபான்மையாகப் போய்ச் சேர்ந்து, திரும்பி வரும்போது மறுபடி பெரும்பான்மையாகிவிடுகிற ரோடு இது. கொழும்பில் இருந்து பார்த்தால் நாங்கள் ஒரு சிறு கூட்டம். எங்கள் தெருவுக்குள் நாங்கள்தான் பெரிய கூட்டம். அப்போது நாங்கள் எப்படி நடந்துகொள்கிறோம்?

ஏறாவூரின் ஸர்மிளா ஸெய்யித்தைக் கேளுங்கள். 2012 நவம்பரில் பிபிசி தமிழோசைக்குக் கொடுத்த பேட்டியில், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அந்தப் பெண்களுக்கு ஒரு பாதுகாப்புக் கிடைக்கும் என்று சொன்னார். கருத்து. பிடிக்காதவர்கள் மறுத்து எழுதியிருக்கலாம், குத்பாவில் பேசியிருக்கலாம். நடந்தது வேறு. மிரட்டல்கள் வந்தன, குடும்பத்தார் நடத்திய கல்வி நிலையம் தாக்கப்பட்டது. ஊரில் இருக்க முடியாமல் நாட்டை விட்டே போனார். அத்தோடு விடவில்லை. 2015 மார்ச்சில், அவர் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டுவிட்டார் என்று ஒரு படத்தோடு பொய்ச் செய்தியை இணையத்தில் பரப்பினார்கள். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றி. அதைத் தயாரித்தவர்களும் புண்பட்ட மனசுக்காரர்கள்தான். ‘உம்மத்’ நாவலை எழுதியவரை அந்த உம்மத் இப்படி நடத்தியது.

காத்தான்குடி இன்னும் பழைய கதை. ரவூப் மௌலவியின் சூபிக் கொள்கைக்கு எதிராக உலமா சபை பத்வா கொடுத்தது 1979 இல். மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று. பத்வாவும் ஒரு கருத்துத்தான், சொல்ல உரிமை உண்டு. ஆனால் அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் கல்லும் தீயும் எடுத்தார்கள். 2017 மார்ச் 10 ஆம் திகதி சூபிக்காரர்களோடு மோதி, வாள் வெட்டு வரை போன கூட்டத்தின் தலைவர் சஹ்ரான் ஹாஷிம். அன்றைக்குப் பொலிஸ் தேடத் தொடங்கத் தலைமறைவானவர், 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, ஈஸ்டர் குண்டுத் தாக்குதலோடுதான் நாட்டுக்குத் திரும்ப முகத்தைக் காட்டினார். ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் அவருடைய குடும்பத்தார் இருந்த வீடு குழந்தைகளோடு வெடித்தது. அந்தச் சத்தம் எங்கள் ஊருக்கும் கேட்டது. சூபிக்காரர்கள் சஹ்ரானைப் பற்றி வருடக்கணக்காக முறைப்பாடு செய்தார்கள், அவருடைய பேச்சுகளைச் சுட்டிக்காட்டினார்கள். வழிகெட்டவர்களின் புலம்பல்தானே என்று ஊர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாயடைக்கப்பட்டவர்களிடம்தான் தகவல் இருந்தது.

போன மாதம் இதைப் பற்றி என் மச்சானோடு பெரிய வாக்குவாதம். அவன் ஞானசாரவில் இருந்து தொடங்கினான். 2016 இல் பேசியவற்றுக்காக அவருக்கு 2024 மார்ச்சில் ஒரு வழக்கில் நான்கு வருடக் கடூழியச் சிறை, 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் ஒன்பது மாதம் விதித்தார்கள். இரண்டும் இஸ்லாத்தை இழிவாகப் பேசியதற்கு. அன்றைக்கு எங்கள் வட்ஸ்அப் குறூப்பில் ஒரே அல்ஹம்துலில்லாஹ். எனக்கும் சந்தோஷம் வராமல் இல்லை, பொய் சொல்ல மாட்டேன்.

"பிறகு என்ன மச்சான், நீயும் அவன்ட பக்கமா?" என்றான்.

இல்லை. 2014 ஜூன் 15 ஆம் திகதி அளுத்கமைக் கூட்டத்தில் அவர் பேசினார். அன்று மாலையே அளுத்கமையிலும் தர்ஹா நகரிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. மில்லின் தானிய வியாபாரி உதாரணத்துக்கு இதைவிடத் துல்லியமாக ஒரு வழக்கை யாரும் ஜோடித்துக்கூடக் கொண்டுவர முடியாது: கொதித்த கூட்டம், பக்கத்தில் முஸ்லிம் வீடுகள், ஒலிபெருக்கி. அந்தப் பேச்சுக்காக அவர் சிறை போகவில்லை. மார்க்கத்தை இழிவுபடுத்தியதற்குத் தண்டனை. மார்க்கத்தைப் பின்பற்றுகிறவனின் வீட்டை எரிக்க வழிகாட்டியதற்கு ஒன்றுமில்லை. அல்லாஹ்வுக்கு நம் நீதவான்மாரின் பாதுகாப்பு தேவையில்லை. தர்ஹா நகரில் வீடு எரிந்த மனிதருக்குத் தேவைப்பட்டது. இதைத்தான் மச்சானிடம் சொன்னேன். நாம் கேட்க வேண்டிய நீதியை விட்டுவிட்டு, கேட்கக் கூடாத ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து பெருநாள் கொண்டாடுகிறோம்.

"அப்ப, நபியைப் பற்றி ஒருத்தன் என்னவும் பேசலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வராமல் இந்தப் பேச்சு எங்கள் ஊரில் முடிந்ததே இல்லை. எனக்கும் நெஞ்சு எரியும். பேசியவனின் கடைக்குப் போக மாட்டேன், எழுதியவனுக்குப் பதில் எழுதுவேன், அவனோடு ஒரு மேடையில் உட்கார மாட்டேன். சிறையில் போடு என்று மட்டும் கேட்க மாட்டேன். தாராள மனசு என்று நினைக்க வேண்டாம், இது சுயநலம். நம் மனசு புண்பட்டதற்காக ஒருவனை உள்ளே போடலாம் என்று ஒத்துக்கொண்ட அன்றைக்கே, ஹசலக்கச் சட்டைக்கும் ரம்ஸியின் ஒற்றைச் சொல்லுக்கும் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். இந்த நாட்டில் புண்பட்ட மனசுகளைத் தராசில் போட்டால் எந்தத் தட்டு இறங்கும் என்று கச்சேரி வாசலில் நிற்கிற கடலைக்காரருக்கும் தெரியும்.

மச்சான் விடவில்லை. அப்படியானால் அம்பாறைப் படத்தை என்ன செய்வாய் என்றான். அந்த இரவே எடுக்கச் சொல்வேன், ஏற்றியவனை அடுத்த நாளே நீதவான் முன்னால் நிறுத்தச் சொல்வேன் என்றேன். அங்கே ஒரு குறிப்பிட்ட மனிதன், ஒரு குறிப்பிட்ட கடை, கையில் தடியோடு ஆட்கள். யாருடைய கொள்கையும் அங்கே விவாதத்தில் இல்லை. "அதுக்குத்தானே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கொண்டு வந்த?" என்றான். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். எது பொய், எது உண்மை என்று முடிவுசெய்ய, ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. 2020 இல் அப்படி ஓர் ஆணைக்குழு இருந்திருந்தால், கொரோனா ஜனாஸாக்களை எரிக்காமல் அடக்கலாம் என்று எழுதிய நம்மில் எத்தனை பேர் பொய் பரப்பியவர்கள் ஆகியிருப்போம்? ஜனாஸாக்களை எரித்தே ஆக வேண்டும் என்பதுதான் அன்றைக்கு அரசாங்கத்தின் உண்மை. அரசாங்கம் மாறிவிட்டதே என்று ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. புதிய அரசாங்கத்தில், 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது முஸ்லிம் பையனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைத்தார்கள். ஊர் உலகம் சத்தம் போட்ட பிறகு ஏப்ரலில் விட்டார்கள். சத்தம் போட முடிந்ததால் விட்டார்கள்.

இவ்வளவையும் எழுதி, போடுவதற்கு முன்னால் மச்சானுக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது. ரம்ஸியைப் பற்றி எழுதியது நல்லா இரிக்காம், அளுத்கமை சரியாம். "ஏறாவூரையும் காத்தான்குடியையும் மட்டும் எடுத்துப் போட்டு. நம்மட ஊருக்குள்ள இருந்துகொண்டு ஏன் வீண் பிரச்சினை?"

எடுக்கவில்லை.